பாசி அலமாரி

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் சுவர்கள் தினமும் மாலையில் நகரும். அன்று அதிகம் கை பட்ட துறைக்கு அலமாரியும் இடமும் பெருகும். குறைவாகக் கை பட்ட துறை சுருங்கும். பாசிகளை ஆராயும் எழிலிக்கு ஒரே அலமாரிதான் மிஞ்சியிருந்தது. அதன் அடியில் உட்கார்ந்துதான் அவள் மணிக்கணக்கில் பேசாமல் படிப்பாள். இன்று அதுவும் போய்விடும்.

"அழுதா ஆச்சா? எழுந்திரு, எல்லாத்தையும் தொட்டுடலாம்" என்றான் அவளுடன் படிக்கும் சவரி.

இருவரும் புத்தகங்களை எடுத்தார்கள், வைத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். கை வலிக்க வலிக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மாலையில் சுவர்கள் கிளம்பின. பாசி அலமாரிகள் பெருகிப் பெருகி, கேன்டீனை ஓரங்கட்டி, மாடியேறி, துணைவேந்தர் அறைக்குள் நுழைந்தன.

"செத்தோம்டி!" என்றான் சவரி.

மூச்சிரைக்க ஓடினார்கள். அறையில் மேசையைக் காணோம், நாற்காலியைக் காணோம். துணைவேந்தர் தரையில் சம்மணமிட்டு, பாசிப் படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தை மூக்கருகே பிடித்திருந்தார்.

"சார், மன்னிச்சிடுங்க, நாங்கதான்..."

"ஷ்ஷ்!" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "பேசாம உட்காரும்மா. எத்தனை பச்சை இருக்கு பாரு!"