குஞ்சம்மாள் கட்டிய ஒப்பாரி

அந்தக் காலையில் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி இருசம்மாள், மூத்த மகன் பாவாடை, இளைய மருமகள் குஞ்சம்மாள், டேப் ரெக்கார்டருடன் வந்திருந்த சங்கத்துப் பழனி. பெஞ்சில் என் இளைய மகன் தமிழரசன்.

அவன் மேல் மாலைகள் கிடந்தன.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சங்கம் மறியல் நடத்திய வாரம் அது. சங்கராபுரம் சாலையில் குறுக்கே போட வெட்டிய புளியமரம், வெட்டியவர்கள் பக்கமே சாய்ந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். தமிழரசன் வாத்தியார். மரம் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்குத் தெரியாது.

குஞ்சம்மாள் களமருதூர்ப் பெண். அங்கே எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முகத்தைப் பார்த்ததும் ஒப்பாரி கட்டுவாள். ஒரு சாவுக்குக் கட்டியதை இன்னொன்றுக்குப் பாடமாட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அதை நிறுத்தச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பெண் ஊரார் சாவுகளில் பாட்டுக்காரியாக நிற்பது முறையல்ல.

சொந்தப் புருஷன் சாவுக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பாடினாள். இருசம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற ஆண்கள் துண்டால் முகத்தை மூடினார்கள்.

பழனி என் காதருகே குனிந்தான்.

"இன்னா பாட்டுங்க ஐயா! மைக்குல போட்டா ஜில்லாவே எழுந்துக்கும். கேசட்டு ஒரு பக்கம் முடிஞ்சிபோச்சி, திருப்பிட்டேன். அந்த மொத அடிய இன்னொரு தபா பாடச் சொல்றீங்களா?"



குஞ்சம்மாள் முதல் அடிக்குப் போகவில்லை. புதிதாக ஒன்று கட்டினாள்.

சாக்பீசு புடிச்ச கையில, என் ராசா,
கோடாலி குடுத்தது யாரு?
வூட்டுக்கு ஒரு ஆளுன்னு, என் ராசா,
ஒம் பேரச் சொன்னது யாரு?

கூடத்தில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

மறியலுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று சங்கம் கேட்டிருந்தது. எங்கள் வீடு விட்டுப்போனது என்று யாரும் பேசக் கூடாது. பாவாடைக்கு நடவு இருந்தது. இளையவன் பெயரைச் சொன்னேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

டேப் ரெக்கார்டரை நானே நிறுத்தினேன். கேசட்டை உருவி மடியில் வைத்துக்கொண்டேன்.

செத்த மகனுக்கு மருமகளை அழவிடாமல் தடுத்தவன் நான் என்று ஊரில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது.

அது தவறு. அழு என்றுதான் சொன்னேன். வார்த்தை வேண்டாம் என்றேன்.

அழாதது அவள்.