சொல்லக் கூடாத வேலை

“இந்த வயசுல எதுக்கு டாக்டர் படிப்பு?” தோசைக் கரண்டியை நீட்டி, நேர்காணல் அதிகாரி மாதிரி கேட்டாள் ரோகிணி.

“மாடு மேய்க்கவா? மனுசனைப் பொழைக்க வைக்கத்தான்” என்றான் அவள் புருஷன் அழகுபாண்டி.

“நாளைக்கு நேர்காணல்ல இப்படி எகத்தாளம் பேசுனா வெளிய போன்னுருவாக. ரெண்டு தடவை தோத்து, முப்பத்தாறு வயசுல நுழைவுத் தேர்வு பாஸாகியிருக்கீக. பழைய வேலையை மட்டும் வாயைத் திறந்து சொல்லிறாதீக. அரசு ஊழியர்னுதான் விண்ணப்பத்துல எழுதியிருக்கேன்.”

“நான் என்ன, திருடியா பொழைச்சேன்?”

மறுநாள் அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த ஓய்வுபெற்ற அரசு டாக்டர், விண்ணப்பத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தள்ளினார்.

“பத்து வருஷம் ஆபீஸ்ல ஃபைல் தூக்குன ஆளுக்கு மனுஷ உடம்பைப் பத்தி என்ன தெரியும்? அடுத்த ஆளைக் கூப்பிடுங்க.”

அழகுபாண்டி எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் பேராசிரியரைப் பார்த்துச் சொன்னான்.

“ஃபைல் தூக்கலம்மா. இந்த டாக்டர் அய்யா இருந்த தாலுகா ஆஸ்பத்திரிப் பிணவறையிலதான் வேலை பார்த்தேன். எப்பவும் மாஸ்க் போட்டிருந்ததால அய்யாவுக்கு என் முகம் தெரியல. நான் அறுத்துப் பார்த்து, ஈரல் கிழிஞ்சிருக்கு, மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்குன்னு சொல்லுவேன். அய்யா மூக்கைப் பொத்திக்கிட்டு வாசல்ல நின்னு எழுதிக்குவாக.”

டாக்டர் தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, அய்யா கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டு அம்புட்டும் தப்பும்மா.”