தரை சொன்ன கொழுப்பு

மாணவியர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் கால் வைத்ததும் தரை உடல் கொழுப்பை அளந்துவிடும். அது அனுமதிக்கும் அளவுதான் தட்டில் விழும்.

வயிற்றுப்போக்கில் துவண்டிருந்த கயல் தட்டை நீட்டினாள். "மரகதக்கா, இன்னொரு கரண்டி போடுங்க."

"தரை விடலையேடி. நேத்தைவிடக் கொழுப்பு ஏறியிருக்காம். ரூம்ல ஒளிச்சுவெச்சு முறுக்கு தின்னியா?" பரிமாறும் மரகதம் சிரித்தாள்.

மறுநாள் கயல் வரிசையிலேயே மயங்கி விழுந்தாள். மரகதம் அவளைக் கொண்டுசேர்த்த மருத்துவமனையில், டாக்டர் அவள் மேல்கைச் சதையைக் கொழுப்பளக்கும் இடுக்கியால் பிடித்துப் பார்த்தார்.

"கொழுப்பே இல்லையேம்மா. உடம்புல தண்ணி வத்தினா, உங்க தரை கொழுப்பைக் கூட்டிக் காட்டும்."

தட்டைத் தூக்கும்போதெல்லாம் கயலின் வளையல் முழங்கைவரை சரிந்ததை மரகதம் பார்த்திருந்தாள்.

கயல் கண் திறந்தாள். "அக்கா, சத்தியமா நான் முறுக்கு தின்னலக்கா."