இரண்டாவது துண்டு கேக்

"வென்டல், விஷயம் தெரியுமா? ஹாலரனைப் பதவியிலேர்ந்து தூக்கிட்டாங்க."

தண்ணீர்க் குவளையை வைத்தபடியே லொரெட்டா குனிந்து சொன்னாள். ரயில் மிசிசிப்பியைத் தாண்டி அயோவாவின் சோள வயல்களுக்குள் நுழைந்திருந்தது. அவள் பரிமாறும் சாப்பாட்டு ரயில்பெட்டி முழுக்க மாலை வெயில்.

"அப்படியா?" என்றார் வென்டல்.

"நம்ம ரயில் கம்பெனிக்கே தலைவரா இருந்த ஆள். மத்தியானம் சிகாகோவுல கிளம்பறப்போ சேதி வந்துச்சு. அதான் இன்னிக்கு எல்லா மேசைக்கும் என் கணக்குல சாக்லேட் கேக்."

லொரெட்டாவின் பெட்டியில் யாரும் தனியாகச் சாப்பிட முடியாது. முன்பின் தெரியாத நான்கு பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பது ரயிலின் வழக்கம். முதல் பெயரை மட்டும் கேட்டு அறிமுகம் செய்து வைப்பது அவள் வழக்கம். குடும்பப் பெயர், உத்தியோகம் எதுவும் மேசைக்கு வரக்கூடாது.

வென்டல் பல வருடப் பழக்கம். கிரெஸ்டனில் இருக்கும் தங்கையைப் பார்க்க வருவார். ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். "யாரு தனியா வந்திருக்காங்களோ, அவங்களோட உட்கார வைங்க" என்பது மட்டும்தான் அவர் கேட்கும் சலுகை. இன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் கஸ், பன்றிப் பண்ணைக்காரர்.

"அந்த ஹாலரன் அப்படி என்னதான் பண்ணினான்?" என்று கேட்டார் கஸ்.

"இந்தச் சமையலறையை மூடப் பார்த்தார். சுடச்சுடச் சமைக்கிறதுக்குப் பதிலா டப்பாச் சாப்பாடு. சமையலறை போனா நானும் வீட்டுக்குத்தான். 'ஆலோசனை நடக்கிறது'ன்னு அவர் பேர்லதான் சுற்றறிக்கை வந்துச்சு. மேலே அவர் படம் வேற. மூஞ்சியைக்கூடப் பார்க்கலை. நாலா மடிச்சு, ஆடற மேசைக் காலுக்கு அடியில வெச்சுட்டேன். இதே மேசைதான்."

வென்டல் தன் காலை மெல்ல நகர்த்திக்கொண்டார். "மேசை இப்போ ஆடலையே" என்றார்.

"உருப்படியா அவர் செஞ்ச ஒரே வேலை" என்றாள் லொரெட்டா. கஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்த மாதிரி ஆளுங்க ரயில்ல ஏறவே மாட்டாங்க" என்றார் கஸ். "விமானத்துல போய்க்கிட்டே ரயிலை நடத்துவாங்க. என் பன்னிங்களுக்கு நான் குடுக்கிற தீனியை அவன் தட்டுல வெச்சிருக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"அது நல்ல தீனியா இருந்தா சரி" என்றார் வென்டல்.

லொரெட்டா கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டாள். "ஆண்டவர் கேட்டுட்டார். ஈஸ்டர்லேர்ந்து தினமும் ஜெபம் பண்ணினேன், இந்த ஆள் போகணும்னு."

"பேர் சொல்லியா?"

"பேர் சொல்லித்தான்."

"பாவம், அவருக்காகப் பேர் சொல்லி ஜெபிக்க வேற யாராவது இருந்திருப்பாங்களோ என்னவோ" என்றார் வென்டல். "புதுசா வர்றவர் எப்படின்னு தெரியுமா?"

"யாரா இருந்தா என்ன? இவரைவிட மோசமா ஒருத்தர் இருக்க முடியுமா?"

வென்டல் கேக்கைச் சின்னச் சின்னதாக வெட்டிச் சாப்பிட்டார்.

"எப்பவும் இனிப்பு வேண்டாம்பீங்களே" என்றாள் அவள்.

"இன்னிக்கு வேலை முடிஞ்சுது லொரெட்டா. இனிமே தங்கச்சி வீட்டோடதான்."

"ரிட்டயர் ஆயிட்டீங்களா? சொல்லவே இல்லையே. அப்போ ரெண்டாவது துண்டு சாப்பிட்டே ஆகணும்."

மறுக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டை நகர்த்திக் கொடுத்தார்.

கிரெஸ்டன் நெருங்கியபோது எழுந்தார். எப்போதும்போல் மேசையில் இருந்த தட்டுகளை அவரே அடுக்கி வைத்தார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, அவள் கையைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"புதுத் தலைவருக்காகவும் ஜெபம் பண்ணுங்க. அவரையும் பேர் சொல்லியே."

"பண்ணாம? நீங்களும் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை சாப்பிட வாங்க. அடுப்பு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்."

ரயில் நின்று, மறுபடி புறப்பட்டது. கடைசிப் பயணியும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு கண்டக்டர் அமோஸ் உள்ளே வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"உட்காரு, லொரெட்டா."

"என்ன ஆச்சு?"

"இந்தப் பயணத்தோட சமையலறையை மூடறாங்க. புதுத் தலைவர் வந்ததும் போட்ட முதல் கையெழுத்து இதுதான்."

அவள் அந்த மேசையிலேயே உட்கார்ந்தாள். "ஹாலரன் ஆரம்பிச்சு வெச்சதை இவர் முடிச்சுட்டாரா?"

"அதுதான் இல்லை. கையெழுத்துப் போடுன்னு நிர்வாகக் குழு ரெண்டு வருஷமா ஹாலரனை நெருக்குச்சாம். ஆலோசிக்கிறேன், ஆலோசிக்கிறேன்னே இழுத்தடிச்சிருக்கார். கடைசியில, முடியாதுன்னே சொல்லிட்டார். அதுக்காகத்தான் அவரை அனுப்பினாங்க."

வெளியே சோள வயல்கள் இருட்டத் தொடங்கியிருந்தன. துணுக்குகூட மீதி இல்லாத கேக் தட்டு அடுக்கின் மேலேயே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும், அமோஸ்?"

"சாப்பாட்டு நேரம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே. உடனே சொல்லத்தான் ஓடி வந்தேன். கதவுகிட்ட நிறுத்தி, 'எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சொல்லாதீங்க, அவங்க இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்காங்க'ன்னு கேட்டுக்கிட்டவரே வென்டல் ஹாலரன்தான்."