வலப்பக்கம் திரும்பியவை

காலை ஏழு நாற்பதுக்கு மகேந்திரனின் வெள்ளை மைவி கார் பத்தாங் காலி முச்சந்திக்கு வந்து, வலப்பக்கம் திரும்ப இடைவெளி பார்த்து நின்றது.

தனேஸ்வரி கையிலிருந்த வண்டி எண்ணும் கருவியை அழுத்தப் போனாள். விரல் இறங்கவில்லை.

காரில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள்.

சுங்கை பஞ்சாங்கில் நெல் வெட்டும் இயந்திரம் ஒன்று மக்கர் பண்ணுகிறது, அதைச் சரிபார்க்க விடியும்போதே கிளம்பிவிடுவேன் என்று நேற்றுத்தான் அவர் சொல்லியிருந்தார்.

கார் நின்ற இடம் தனேஸ்வரியின் நாற்காலிக்குப் பத்தடி தூரம். தொப்பியும் தூசிக்காகப் போட்ட முகக்கவசமும் ஆரஞ்சுச் சட்டையுமாகக் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த அவளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின்மேல் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சொந்த வீட்டுக் கட்டிலில் உட்காருவதுபோல.

அதே சீட்டில் தனேஸ்வரி இன்றுவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் பெண் வடையைப் பிய்த்து அவர் வாயில் வைத்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் செல்லமாக அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

அப்படி ஒரு சிரிப்பு அவருக்கு இருப்பதே தனேஸ்வரிக்குத் தெரியாது.

கார் திரும்பியது. அதன் பின்னால் ஒரு லோரி, இரண்டு மோட்டார், ஒரு பள்ளி வேன். எதையும் அவள் எண்ணவில்லை.

எதிரே, செம்பனை மரங்களை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் அறுபது கடைகள் வரப்போகின்றன. இப்போது எத்தனை வண்டி போகிறது, கடைகள் வந்தால் எத்தனை கூடும், இந்த முச்சந்தி தாங்குமா என்று தனேஸ்வரி வேலை பார்க்கும் ரவாங் ஆபீஸ் அறிக்கை கொடுக்க வேண்டும். தாங்காது என்றால் கடை கட்டுகிறவர்கள் சமிக்ஞை விளக்குப் போட்டாக வேண்டும். நேரே போகிற வண்டிகளை எண்ணுவது பக்கத்து நாற்காலியில் இருந்த கங்காவுக்கு, திரும்புகிற வண்டிகள் தனேஸ்வரிக்கு. எட்டு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

மைவி போய்விடவில்லை. கடைகளின் விளம்பரப் பலகைக்கு அடியில் ஓரமாக நின்றது. அந்தப் பெண் இறங்கிப் பலகையைப் படம் எடுத்தாள். பிறகு இவர்களைப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து விறுவிறுவென்று வந்தாள்.

வரட்டும் என்று தனேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இந்தக் கடைங்க எப்ப வருது? துணி தைக்கிற கடை போடலாம்னு ஒரு கடை லாட் பார்க்கிறோம்."

"பேர் சொல்லுங்க. ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்." தாளைத் திருப்பிப் பேனாவை ஊன்றினாள். அந்தப் பெயரை இன்றைக்கே மகேந்திரன் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்க வேண்டும்.

"கண்மணி. கலும்பாங்ல இருக்கோம். அதோ கார்ல இருக்காரே, அவருதான் என் வூட்டுக்காரரு. கல்யாணமாகி பதிமூணு வருஷமாச்சு, இப்பத்தான் கடைக்குச் சரின்னாரு லா."

பேனா பெயரை எழுதி முடித்துவிட்டு அங்கேயே நின்றது.

"என்னக்கா, இப்படி வேர்க்குது? தண்ணி குடிச்சீங்களா?"

தனேஸ்வரி தலையாட்டினாள். கண்மணி கையைக் காட்டி ஒரு லோரியை நிறுத்தி, சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாகச் சாலையைக் கடந்தாள். காரில் ஏறியதும் மறுபடி காலை மடக்கிக்கொண்டாள்.

கார் போயிற்று.

கங்கா எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்க பக்கம் கால் மணி நேரம் காலியா இருக்கே. முன்னால எண்ணினதையே போட்டுருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாம். செல்லாதுன்னு எழுதிக்கோ. நாளைக்கு வந்து மறுபடி எண்ணலாம்."

சொல்லிவிட்டு, தாளின் பின்பக்கத்தில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பவள்போல் பார்த்தாள்.

போன அமாவாசையன்று இந்தப் பெயரைத்தான் அவள் கோயிலில் ஐயரிடம் சொன்னாள். மனைவி தவறி நாலு வருஷமாகிறது, அந்த ஆத்மா சாந்தியடைந்தால்தான் நம் கல்யாணம் நல்லபடியாக நடக்கும் என்று மகேந்திரன் கேட்டுக்கொண்டதால், தன் கையாலேயே மோட்ச தீபம் ஏற்றினாள்.

திரியைத் தூண்டிவிட்டபோது, செத்தும் அவர் மனதை விட்டுப் போகாதவள்மேல் அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.