பூச்சிக்கு வைத்த பெயர்

"பூச்சிக்கு ரெமிஜியஸ் சார் பேரையே வெச்சுட்டேன்" என்றான் முனிகிருஷ்ணன், லேப்டாப்பை மூடியபடி.

மனைவி வீணா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் தோசைக் கரண்டி.

"யாரு, உங்க பழைய கைடா? அந்த மனுஷன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு ஒம்பது வருஷமா சொல்லிட்டிருந்தீங்க?"

"அதுக்காகத்தான் வெச்சேன்."

"புரியல."

"இது விதைப்பூச்சி. அத்திமரத்துல இருந்து கீழ விழுந்த பழத்துக்குள்ள மூக்கை விட்டு விதையை உறிஞ்சும். உறிஞ்சிட்டு சருகுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். தொட்டா நாறும். இதைவிடப் பொருத்தமா வேற பேர் கிடைக்குமா, நீயே சொல்லு."

வீணா சிரிக்கவில்லை. "பாவங்க, வயசானவர்" என்றாள்.

"அவர் எனக்குப் பண்ணது மட்டும்?"

மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அல்சூர் ஏரிக்கரையில், அத்திமரத்தடியில் மண்டிபோட்டுச் சருகைக் கிளறியவன் அவன். "உங்குர பித்தோய்தா சார்?" என்று கன்னடத்தில் கேட்பார்கள் வாக்கிங் போகிறவர்கள், மோதிரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்று நினைத்து. கடைசியில் அகப்பட்டது, அரிசி நீளம்கூட இல்லாத ஒரு பழுப்புப் பூச்சி. உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காத இனம் என்று உறுதியான அன்று, காலேஜ் லேபில் தன்னந்தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டான்.

கட்டுரையை எழுதி ஜர்னலுக்கு அனுப்பினான். திரும்பி வந்தது. முன்னங்கால் தொடையில் எத்தனை முள் என்று திரும்ப எண்ணவும். எண்ணி அனுப்பினான். ஆண் பூச்சி இல்லாமல் ஏற்க முடியாது. எட்டு மாதம் தேடி ஆண் பூச்சியைப் பிடித்தான். படம் சரியில்லை, வேறு வரையவும்.

மதிப்பிடுகிறவர் யார் என்று ஜர்னலில் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் வேண்டியதில்லை. 'திரும்ப எண்ணவும்' என்று நாலு இடத்தில் இருந்ததுமே முனிகிருஷ்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுடைய பிஹெச்.டி. ஆய்வேட்டில் ரெமிஜியஸ் சார் சிவப்பு மையில் எழுதிய அதே வார்த்தை. "இதைக் கொண்டுபோய் பழைய பேப்பர்காரன்கிட்ட போடு" என்று பத்துப் பேர் எதிரில் சொன்னவர். அன்றைக்குச் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தவன்தான்.

நாலாவது தடவை கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அச்சுக்குப் போகும் முன், பூச்சியின் பெயரை மட்டும் மாற்றினான். குருவுக்கு மரியாதை செய்கிறான் என்று எடிட்டரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

காலேஜிலும் அதே கதைதான்.

"குருபக்தின்னா இதுய்யா!" என்று பிரின்ஸிபால் ஸ்டாஃப் ரூமில் எல்லாரையும் கைதட்ட வைத்தார். முனிகிருஷ்ணன் அடக்கமாகச் சிரித்துக்கொண்டான்.

ஆனால் ரெமிஜியஸ் சார் முட்டாள் இல்லை. அந்தப் பூச்சியின் குணம் அவருக்கு உறைக்கும். உறைக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விவேக் நகரில், அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினான்.

அவரே கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"முனியா? வா வா, உள்ள வா!"

கட்டுரையை நீட்டினான். லென்ஸ் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். பெயர் இருந்த இடம் வந்ததும் லென்ஸ் நின்றது. நிமிரவே இல்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பத்தாறு வருஷத்துல எத்தனையோ பேர் பேரைப் பூச்சிக்கு வெச்சிருக்கேன்பா. என் பேரை இதுவரைக்கும் யாரும் வெக்கல."

முனிகிருஷ்ணனுக்கு என்னவோபோல் ஆயிற்று. எதிர்பார்த்து வந்தது இது இல்லை. விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

"மூணு தடவை திருப்பி அனுப்பினது நீங்கதானே சார்?"

"நானேதான்!" என்றார் உற்சாகமாக. "நாளைக்கு எவனும் இதுல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சு, இது புது இனமே இல்லன்னு சொல்லிடக் கூடாது பாரு. இரு, ஒண்ணு காட்டறேன்."

உள்ளே போய், கண்ணாடி மூடி போட்ட ஒரு மரப்பெட்டியோடு வந்தார். அதற்குள் ஊசி குத்திய ஐந்து பூச்சிகள்.

அதே பழுப்பு. அதே முள். எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"சார்... இது உங்ககிட்ட முன்னாடியே இருந்துதா?"

"நீ சண்டை போட்டுட்டுப் போன மறுவருஷம் கிடைச்சுது. ஆண் பூச்சி மட்டும் ஆப்டவே இல்ல. பாதி எழுதி வெச்சிருந்தேன். அதுக்குள்ள ரிவ்யூவுக்குன்னு உன் பேப்பர் வந்துச்சு. நம்ம பையனே கண்டுபிடிச்சுட்டான், இனிமே நமக்கெதுக்குன்னு என்னோடதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

பெட்டியின் மூலையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. வைக்க நினைத்திருந்த பெயரை அதில் பென்சிலால், லத்தீன் வாலோடு எழுதியிருந்தார். முனிகிருஷ்ணனி.

"என் பேரா சார்?"

"தப்புன்னு சொன்னா உனக்குக் கோவம் வரும். ஆனா அந்தக் கோவத்தோடயே போய் வேலையை ஒழுங்கா முடிச்சுட்டு வருவே. அப்படி ஒருத்தன் அதுக்கப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லப்பா. அதான் வெச்சேன்."

நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் ரெமிஜியஸ் சார். முகமெல்லாம் ஆசை.

"நான் காரணம் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு... என் பேரை ஏம்ப்பா வெச்சே?"