சனிக்கிழமை வண்டி

“அந்த ஆளு என்ன செஞ்சாலும் கண்டுக்காத. கோர்ட்டு அனுமதி இருக்கு. வண்டி மட்டும் கேட்டத் தாண்டக் கூடாது.”

காவல் பொறுப்பை ஒப்படைத்தபோது கருத்தையா இவ்வளவுதான் சொன்னார். சாவிக்கொத்தை நீட்டிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டார்.

கான்ஸ்டபிள் வேதசிரோமணிக்கு அழாத குறை. ராஜபாளையம் பஜாரில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தவனை, ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்கு வண்டிகள் நிற்கும் மைதானத்துக்குக் காவல் போட்டிருந்தார்கள். லாரி, கார், மோட்டார் சைக்கிள் என்று பிடிபட்டதெல்லாம் தீர்ப்புக்குக் காத்திருந்து துருவேறிக் கிடந்தன. ஓர் அம்பாசடருக்குள் வேலிக்கருவை முளைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு டீசல் பிக்கப் மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பியது போலப் பளிச்சென்று நின்றது.

சனிக்கிழமை காலையில் கருத்தையா சொன்ன ஆள் வந்தார். பெயர் தவசிமுத்து, ஊர் தேவதானம். ஐம்பதைத் தாண்டிய ஒடிசலான மனிதர். கையில் டீசல் கேன், தோளில் சாக்கில் சுற்றிய பேட்டரி. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததற்கு கண்டக்டர் வழிநெடுகத் திட்டினாராம். அதைச் சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறந்துவிட்டார்.

எலி கூடு வைத்திருக்கிறதா என்று துழாவிப் பார்த்து, புது அந்துருண்டைகளைப் போட்டார். டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தால் எஞ்சின் பிடிக்காதாம். ஒரு திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்ப, வண்டி உறுமியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கக் கூடாதென்று ஒரு முழம் முன்னால் நகர்த்தி நிறுத்தினார். அந்த வண்டியின் வாராந்தரப் பயணம் அவ்வளவுதான்.

“கேஸ் முடியதுக்குள்ள வண்டி மக்கிப் போயிரும் அண்ணாச்சி. எதுக்கு இந்தப் பாடு?” என்றான் வேதசிரோமணி.

“மத்ததெல்லாம் மக்கட்டும் ஏட்டையா. இது, கேஸ் முடியற அன்னைக்கு ஒரே திருப்புல கெளம்பணும். ஏற்கெனவே ஷெட்டுல பூட்டிக் கெடந்து, எலி கொதறி, சாகப் பாத்த வண்டி. இன்னொருக்க சாக விட மாட்டேன்.”

வண்டி வாங்கியவர்களுக்கே உள்ள கிறுக்கு என்று வேதசிரோமணி மனதுக்குள் சிரித்துக்கொண்டான். ஆனால் நாளாக நாளாக அந்த மனிதர் மேல் அவனுக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. மழைக்கும் நிற்கவில்லை, காய்ச்சலுக்கும் நிற்கவில்லை. வாய்தா ஒன்றைக்கூடத் தவறவிடாமல் கோர்ட்டுக்கு வந்து போனார். திருட்டு கேஸ் என்று தெரிந்ததும் வேதசிரோமணிக்கு ரத்தம் கொதித்தது. வண்டியைத் தூக்கிய பயல் தன் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவதாகச் சொன்னான்.

“அவனுக்கு உள்ளது அவனுக்குக் கெடைக்கும். அந்த ஸ்பேனர இப்படிக் குடுங்க” என்றார் தவசிமுத்து.

அந்த வருஷம் ஆடிப்பூரத் தேர் சனிக்கிழமையில் வந்தது. பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு வரமாட்டார் என்று வேதசிரோமணி நிம்மதியாகக் கண்ணயர்ந்தபோது கேட்டைத் தட்டும் சத்தம். அத்தனை கூட்டத்திலும் பேட்டரியைத் தலையில் சுமந்து நடந்தே வந்திருந்தார். ஆசிட் பட்டுச் சட்டைத் தோள் ஓட்டையாகியிருந்தது.

வேதசிரோமணிக்கு மனசு பொறுக்கவில்லை. “ஒரு வாரம் விட்டாத்தான் என்ன அண்ணாச்சி?”

“ஒரு வாரம்னுதான் எல்லாரும் ஆரம்பிக்காவ.”

அன்றிலிருந்து வேதசிரோமணியே கைப்பம்பை அழுத்தப் பழகிக்கொண்டான். வெள்ளிக்கிழமையே பிக்கப்பைக் கழுவியும் வைத்தான். எப்படியாவது இந்த மனிதர் ஜெயிக்க வேண்டும் என்று மாதா படத்துக்கு மெழுகுவத்திகூட ஏற்றினான்.

தை மாதத்தில் தீர்ப்பு வந்தது. வண்டியை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், சாவியோடு தயாராக இரு என்று கோர்ட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, ஜெயித்தது தானே என்பது போல வேதசிரோமணி பூரித்துப் போனான். தீர்ப்பு வரும் வாரமென்று தவசிமுத்து விட்டுப் போயிருந்த பேட்டரியை மாட்டி, கண்ணாடியைத் துடைத்து, வண்டிப் பக்கத்தில் விறைப்பாக நின்றான்.

முதலில் ஜரிகை வேட்டி கட்டிய ஒருவர் கையில் காகிதத்தோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்களும், நடுவில் கைகளைத் துண்டால் மூடியபடி தவசிமுத்துவும். வேதசிரோமணி ஜரிகை வேட்டிக்காரரைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போய், “ஜெயிச்சிட்டீய அண்ணாச்சி, பிடிங்க” என்று சாவியை நீட்டினான்.

தவசிமுத்து கையை நீட்டவில்லை. கூட வந்த போலீஸ்காரர் சிரித்தார்.

“ஏலே வேதம், யாருகிட்ட சாவிய நீட்டுத? வண்டிக்காரர் அங்க நிக்கிற காசிராஜன். இவரு அவியகிட்ட டிரைவரா இருந்து, வண்டியத் திருடிட்டுப் போன ஆளுல்லா. இப்பந்தான் ஆறு மாசம் போட்டிருக்காவ. ஜெயிலுக்குப் போற வழியில வண்டிய ஒருக்க பாக்கணும்னு கெஞ்சுனாரு.”

வேதசிரோமணியின் கையிலிருந்து காசிராஜன் சாவியை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பினார். ஒரே திருப்பில் வண்டி உறுமியது. நம்ப முடியாமல் அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

தவசிமுத்து கைவிலங்கோடு ஓர் அடி முன்னால் வந்தார்.

“மொதலாளி, பழையபடி ஷெட்டுல போட்டுப் பூட்டிராதீய. வாரம் ஒருக்க ஸ்டார்ட் பண்ணுங்க. இல்லன்னா, வெளிய வந்த அன்னைக்கே மறுபடியும் எடுத்துட்டுப் போயிருவேன்.”